கொறற்றி அக்காவின் பால் நேர்த்தி

நான் மாத்தளையில் ஒரு பல் சிகிச்சை நிலையத்தில் தாதி. பொறுமை குறைந்தவள் என்று பெயரெடுத்தவள். அதில் பாதிப் பெயரை வாங்கித் தந்தவர் மரிய கொறற்றி அக்கா.

ரிவர்ஸ்டன் பாதையோரத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பரா அவருடைய ராச்சியம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் இருபத்தாறு வாண்டுகளுக்குப் பால் கரைப்பதும் பேசப் பழக்குவதும் அவர் வேலை. நாற்பத்து மூன்று வயதுக்குள் ஈறு நோயில் நான்கு பற்கள் போய்விட்டன. இப்போது மேல் முன்பற்கள் இரண்டும் ஆடின. அவையும் விழுந்தால் வாயில் காற்றுத்தான் வரும், கேட்டுப் பழகும் இருபத்தாறும் அப்படியே பேசும் என்று அவருக்குப் பயம்.

அந்த நேரம் எங்களிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. பாலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதம் ஈறு நோயைத் தணிக்குமா என்று பார்க்க வேண்டும். வந்த அறுபது பேருக்கும் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்தோம், பல் துலக்கவும் பழக்கினோம். பிறகு பாதிப் பேருக்குப் பால் புரத மாத்திரை, மீதிப் பேருக்கு அதே மாதிரியான மாவு மாத்திரை. பன்னிரண்டு வாரம் மூன்று வேளையும் சூப்ப வேண்டும். யாருக்கு எது என்பது எனக்கும் தெரியாது, ஆராய்ச்சியை நடத்திய டொக்டர் ஜஸ்லாவுக்கும் தெரியாது. விவரம் ஒட்டிய உறைக்குள் இருந்தது.

இரண்டாம் வாரமே அக்கா வாடிய முகத்தோடு வந்தார்.

"மிஸி, இதுல பாலு இருக்கா இல்லயா?"

"எனக்கும் தெரியாதுக்கா."

"தெரியாமலா குடுக்குறீங்க?"

விசயம் இதுதான். எங்களிடம் வருமுன்பே அவர் வஹகோட்டைக் கோயிலுக்குப் போய், இந்த இரண்டு பல்லும் நிற்பதற்காகத் தவக்காலம் முழுக்கப் பாலை நாக்கில் வைப்பதில்லை என்று அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தார். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் நேற்றுத்தான் முடிந்திருந்தது. மாத்திரையில் பால் இருந்தால் நேர்த்தி கெட்டது. மாவாக இருந்தால் பல் கெட்டது. மருந்து குற்றமில்லை என்று பங்குச் சாமி சொல்லியிருந்தார். "சாமிக்கு முப்பத்திரண்டும் இருக்கு" என்று அக்கா அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டார்.

"விருப்பமில்லன்னா எப்ப வேணும்னாலும் நிப்பாட்டலாம்" என்றார் டொக்டர்.

"நிப்பாட்டுனா பல்லு?"

மாத்திரைகளை மடியில் முடிந்துகொண்டு அக்கா போய்விட்டார்.

அடுத்த வாரம் வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு. பத்தொன்பது வருடம் பால் கரைத்த கையல்லவா, ஒரு மாத்திரையை வெந்நீரில் கரைத்துத் தேசிக்காய் பிழிந்து பார்த்திருக்கிறார்.

"திரியல மிஸி. சுத்த மாவு. நேர்த்தி தப்பிச்சிருச்சு." சொல்லி வாய் மூடவில்லை, முகம் விழுந்தது. "அப்ப பல்லு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆராய்ச்சி மாத்திரையையே ஆராய்ச்சி செய்ய உங்களை யார் கேட்டது என்று ஏசினேன். டொக்டர் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு, ஒரு மாத்திரை குறைவு என்று எழுதிவைத்தார். அக்கா மாவென்றே நம்பி, நம்பிக்கை இல்லாமலே சூப்பினார். வீட்டில் பால் விடாத வெறும் சாயத்தண்ணிதான்.

தவக்காலம் முடிந்து பாஸ்கு வந்து போனது. பன்னிரண்டாம் வாரம் அளந்து பார்த்தோம். ஈறுகளில் இரத்தம் இல்லை. இரண்டு பல்லும் உறுதியாக நின்றன. அந்தோனியார்தான் என்றார் அக்கா. நான் பிரஷ் என்றேன்.

சில மாதம் கழித்து உறை பிரிந்தது. டொக்டர் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உங்களுக்குக் கெடச்சது பால் மாத்திரைதான்."

"தேசிக்கா திரிக்கலையே?"

"எல்லாப் பாலும் திரியும். ஆனா இந்தப் புரதம் மட்டும் தேசிக்காய்க்குத் திரியாது. அன்னைக்கே சொல்லியிருந்தா உங்க மனசுல சந்தேகம் பூந்துரும்னு விட்டுட்டேன்."

அக்கா எழும்பி நின்றார், திரும்ப உட்கார்ந்தார். ஒருவருக்குச் சுகமானதை வைத்து மருந்தையோ புனிதரையோ முடிவு செய்ய முடியாது, எல்லோருடைய கணக்கும் வர வேண்டும் என்று விளக்க நான் ஆயத்தமானேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"தவக்காலம் பூரா மூணு வேளையும் பாலை வாயில வச்சிருக்கேன் மிஸி. அந்தோனியாருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிஞ்சும் பல்லப் புடுங்கலையே."

விளக்கத்தை விழுங்கிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.