வரிசை கலைந்த இரட்டையர்

நான் இரட்டையரில் ஒருத்தி. எனக்குப் பத்து நிமிடம் முன்னால் பிறந்த அக்காவுக்குச் சர்க்கரை நோய் முற்றி, சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. தன் ஊரான பண்டார் தெங்காராவிலிருந்து வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போகிறாள். ஊசியோடு படுத்திருக்கும்போதே எனக்குப் போன் செய்வாள். "நீ ரத்தம் எடுத்து சுகர் டெஸ்ட் பண்ணிட்டியா?" அடுத்த வாரம் என்பேன். எனக்கும் தாகம் அதிகமாகி மாதக்கணக்காகிவிட்டதை அவளிடம் சொல்லவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை.

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் தாதிமை, அதாவது நர்சிங், மாணவிகளுக்குப் புள்ளியியல் நடத்துகிறேன். உண்மையான மருத்துவத் தரவை வைத்துத்தான் கற்பிப்பேன் என்று வீம்பு பிடிப்பவள். எத்தனையோ தரவு இருக்க, அந்தப் படிப்புத் தவணைக்கு இரட்டையர் ஆய்வு ஒன்றைத்தான் எடுத்தேன். ஒரு வரிசைக்கு ஒரு ஜோடி. இடப்பக்கம் ஒருவரின் சர்க்கரை அளவு, வலப்பக்கம் மற்றவருடையது. ஒருவருக்கு ஏறினால் மற்றவருக்கும் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாணவிகளுக்கு அது பாடம். எனக்கு ஜாதகம்.

ஒருத்தி கைதூக்கினாள். "மிஸ், ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லன்னு வருது மிஸ்."

எட்டிப் பார்த்தேன். மருந்து அலமாரி அடுக்கிப் பழகிய கை. நீட்டாக இருக்கட்டும் என்று இடப்பக்க எண்களை மட்டும் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கியிருந்தாள். வலப்பக்கம் அப்படியே நிற்க, ஒருவரின் உடன்பிறப்பு வேறு யாருக்கோ ஜோடியாகிவிட்டது.

எனக்கு உடனே புரிந்தது. ஆனாலும் சம்பந்தமே இல்லை என்ற அந்த விடையை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படியே இருந்துவிடக் கூடாதா என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன். இவ்வளவு படித்து என்ன கிழித்தேன்!

"சரியா மிஸ்?"

"தப்புமா. ஜோடியப் பிரிச்சிட்ட. பழையபடி மாத்து."

மாற்றினாள். வரைபடத்தில் சிதறிக் கிடந்த புள்ளிகள் சேர்ந்து மேலே ஏறின. "அலமாக், ஒருத்தருக்கு ஏறுனா அடுத்தவருக்கும் ஏறுது லா!" என்று வியந்து சிரித்தாள். நான் தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன். வெளியே போய் எடுத்தேன்.

"டெஸ்ட் எடுத்தியா இல்லியா? எனக்கு வந்தது ஒனக்கும் வந்திருமோன்னு நெஞ்சு அடிச்சிக்குதுடி."

"எடுத்துட்டேன். ஒண்ணும் இல்லியாம்."

அந்தப் பக்கம் விம்மல். பக்கத்தில் இருந்த தாதியிடம் அவள் சொல்வது கேட்டது. "மிஸி, என் தங்கச்சிக்கு ஒண்ணும் இல்லியாம் மிஸி!"

இத்தனை மாதத்தில் அவள் சந்தோஷப்பட்டு அன்றுதான் கேட்டேன்.