தோற்ற பாடத்தோடு சங்கரன்கோவிலுக்கு

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சங்கரன்கோவிலுக்குக் கிளம்புகிறேன் என்றதும் ஸ்டாஃப் ரூமில் இரண்டு கேள்விகள் வந்தன. "அங்க ஆடித்தபசுத் திருவிழா ஆடியிலதானே?" என்றார் ஒருவர். "பிரியாணிக்கா?" என்றார் இன்னொருவர். ஆசிரியர் பயிற்சிக்கு என்று நான் சொன்னதும் இருவரும் சிரித்துவிட்டார்கள். மதுரையில் ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் பன்னிரண்டு வருடமாக அறிவியல் எடுக்கிறேன். எங்களுக்குப் பயிற்சி என்றால் சென்னை, பெங்களூரு, ஜாதகத்தில் குரு நல்ல இடத்தில் இருந்தால் துபாய். அவர்கள் சிரித்ததில் தப்பில்லை.

அந்தப் பயிற்சிகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். நட்சத்திர ஹோட்டல், கழுத்தில் பெயர் அட்டை, சால்வை போர்த்திக்கொள்ளும் அளவுக்கு ஏசி. நிகழ்ச்சி நிரலில் 'நெட்வொர்க்கிங்' என்று முக்கால் மணி நேரம் தனியாக ஒதுக்கியிருப்பார்கள். கையில் காபிக் கோப்பையோடு ஆளாளுக்குத் தன் பள்ளியின் பெருமையைச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். மேடையில் ஏறுகிறவர்கள் எல்லாரும் தங்களுடைய மிகச் சிறந்த பாடத்தைப் படங்களோடு காட்டுவார்கள். என் எட்டாம் வகுப்பு கண் முன்னாலேயே தூங்குகிறது என்பதை அங்கே யாரிடம் போய்ச் சொல்வது?

அப்படி ஒரு பயிற்சியில், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்தான் மெர்சி (பெயரை மாற்றியிருக்கிறேன்). சங்கரன்கோவில் பக்கம் ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறார். தட்டை நீட்டியபடியே திரும்பி, "ஏன் மேம், இங்க இருக்கிற யாருக்குமே ஒரு பாடம்கூடச் சொதப்புனதே இல்லையா?" என்று கேட்டார். அன்று மாலை வரை அவரோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

தென்காசி, ராஜபாளையம், சங்கரன்கோவில் வட்டாரத்தில் சில பள்ளிகளின் ஆசிரியர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறார்களாம். முறை வைத்து ஒவ்வொரு பள்ளியிலும் நடக்கும். வருகிறவர் ஒவ்வொருவரும் தன் வகுப்பில் தோற்றுப்போன ஒரு பாடத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். அவராகக் கேட்காமல் யோசனை சொல்லக் கூடாது. நிர்வாகத்து ஆட்கள் உள்ளே வருவதில்லை. "சர்டிபிகேட் கெடையாது மேம். மதியச் சாப்பாடு உண்டு" என்றார் மெர்சி. இப்படி ஒரு அழைப்பு எனக்கு அதுவரை வந்ததில்லை.

மாட்டுத்தாவணியில் மதியம் இரண்டு மணிக்கு ராஜபாளையம் பஸ். சுமார் 85 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், டிக்கெட் எண்பது ரூபாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் கிலோ பால்கோவா மெர்சி வீட்டுக்கு என்றுதான் வாங்கினேன். ராஜபாளையத்தில் இறங்கும்போது பாதிதான் இருந்தது. அங்கிருந்து சங்கரன்கோவிலுக்கு 32 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். கூடவே வந்த மலை கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் விலகிப் போய்விடுகிறது. அப்புறம் கரிசல்தான், நடுவில் குளங்கள், பருத்தி.

கரிவலம்வந்தநல்லூர் தாண்டியதும், இந்த மாதக் கூட்டம் நடக்கிற மெர்சியின் பள்ளி வளைவு தெரிந்தது. உலக உருண்டையின் மேல் ஒரு புறா. இடம் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன்.

"எங்கன எறங்கணும்?" என்றார் கண்டக்டர்.

"நாளைக்கு இந்த ஸ்கூலுக்கு வரணும். இந்த பஸ் இங்க நிக்குமாண்ணே?"

"நிக்காது மேடம். காலைல சங்கரன்கோயில்ல இருந்து டவுன் பஸ்ல வாங்க. அதுல பொம்பளையளுக்கு டிக்கெட்டும் கெடையாது" என்றவர், கொஞ்சம் யோசித்து, "பிள்ளைய சேக்கப் போறியளோ? பீசு ரொம்பல்லா சொல்லுதாவ!" என்றார். இல்லை, டீச்சர் என்றேன். "அப்பச் சரி" என்று விசிலை ஊதினார். எது சரி என்று கேட்கத் தோன்றவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாட்ஜ். அறை எழுநூறு ரூபாய், சுத்தமாக இருந்தது, வெந்நீர் காலையில் மட்டும். கோவிலுக்குப் போய் கோமதி அம்மனைப் பார்த்துவிட்டு, ஏழரைக்கு மெர்சியோடு பிரியாணிக் கடையில் உட்கார்ந்தேன். ஸ்டாஃப் ரூம் சந்தேகம் முழுப் பொய்யும் இல்லை. மட்டன் பிரியாணி இருநூற்று இருபது. எட்டரைக்கு மேல் போனால் தீர்ந்துவிடும் என்கிறார்கள்.

மெர்சிக்கு முப்பத்திரண்டு வயது. சொந்த ஊர் வாசுதேவநல்லூர். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்பதால் இந்தச் சுற்று வட்டாரத்தை விட்டு நகர முடியாது. இந்த மாதிரிப் பள்ளிகளில் எங்களுக்கெல்லாம் ஒரு வருட ஒப்பந்தம்தான். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அவருடைய ஒப்பந்தம் அடுத்த வாரம் தாளாளரின் மேசைக்குப் போகிறது. இது போனால் பக்கத்தில் இதே சம்பளத்துக்கு வேறு இடம் இல்லை.

"நாளைக்கு என்ன பாடம் சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன். எலும்பை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார். ஒன்பதாம் வகுப்புக்கு 'நான் போன ஒரு பயணம்' என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார். எப்படி எழுதுவது என்று காட்ட ஒரு மாதிரிக் கட்டுரையும் கொடுத்திருக்கிறார். விமானம், ஜன்னலுக்கு வெளியே மேகம், இறங்கிய ஊரில் பனி.

"முப்பது பிள்ளைகள்ல இருபத்தாறு பேரு ஏரோப்ளேன் ஏறிட்டாவ. அதுல ஒண்ணு ரெண்டு பேரு வேணா நெசமா ஏறிருப்பாவ. திருவேங்கடத்துல இருந்து வேன்ல வார ஒரு பிள்ள, பனி கையில விழுந்து உருகுச்சின்னு எழுதிருக்கா. இங்கிலீஷ்ல ஒரு தப்புக் கெடையாது. நான் முழு மார்க் போட்டு, வெரி குட்னு எழுதிட்டேன்."

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தாளாளர் அந்தக் கட்டுரையைப் பார்த்து அசந்துபோய், கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டிவிட்டார். அட்மிஷனுக்கு வருகிற பெற்றோர்களிடம் அதைத்தான் முதலில் காட்டுகிறாராம்.

"தெனம் காலைல அதத் தாண்டித்தான் கையெழுத்து போடப் போறேன். யார்ட்டயாச்சும் சொல்லலேன்னா எனக்கு வெடிச்சிரும் போல இருக்கு. நல்ல வேளை, நாளைக்கு மேனேஜ்மென்ட் ஆளு யாரும் உள்ள இருக்க மாட்டாவ."

மறுநாள் ஒன்பதே காலுக்கு டவுன் பஸ். பள்ளி நூலகத்தில் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். தென்காசியிலிருந்து வந்த கணக்கு ஆசிரியர் செல்வின் சார்தான் மூத்தவர். அவர் முதலில் தொடங்குவதாக இருந்தது. அவர் எழுந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து தாளாளர் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, சிரித்த முகம். விசைத்தறித் தொழிலில் சம்பாதித்து இந்தப் பள்ளியைக் கட்டியவர்.

"இருங்க இருங்க, எந்திரிக்காதிய. நான் ஒரு ஓரமா உக்காந்து கேக்கேன். நமக்கும் நாலு விசயம் தெரியட்டும்."

மெர்சியின் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப் போயிருந்தது.

ஆசிரியர்கள் எப்பேர்ப்பட்ட ஜென்மங்கள் என்பதை அடுத்த அரை மணி நேரத்தில் பார்த்தேன். இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வந்துவிட்டால் எங்கள் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். செல்வின் சாரின் தோற்ற பாடம் என்ன தெரியுமா? பின்னங்கள் நடத்தினாராம், பிள்ளைகளுக்கு ஆர்வம் தாங்காமல், மணி அடித்தும் வெளியே போக மறுத்துவிட்டார்களாம். ராஜபாளையம் டீச்சருக்கு வந்த தோல்வி, ப்ராஜெக்ட்டுகள் எல்லாமே அருமையாக இருந்ததால் முதல் பரிசு யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை என்பது. நான் மட்டும் என்ன, மதுரை மானத்தைக் காப்பாற்ற வேண்டாமா? தூங்கிக்கொண்டிருந்த என் எட்டாம் வகுப்பு, கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பாடத்தை முடிக்க விடாத எட்டாம் வகுப்பாகிவிட்டது. தாளாளர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி ரசித்தார்.

மெர்சியின் முறை வந்தது. வேண்டாம், வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுங்கள் என்று செல்வின் சார் கண்ணாலேயே கெஞ்சினார். நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டேன். மெர்சி தண்ணீர் குடித்தார். பிறகு முந்தின நாள் என்னிடம் சொன்னதை, இருபத்தாறு விமானங்களையும் பனியையும், ஒன்று விடாமல் சொன்னார்.

ஓரத்திலிருந்து தாளாளரின் குரல் வந்தது. "ஆபீஸ்ல மாட்டிருக்கமே, அந்தக் கட்டுரையா டீச்சர்?"

"ஆமா சார்."

"அப்ப அது காப்பியா?"

"பிள்ள மேல தப்பு இல்ல சார். நான் குடுத்த மாதிரியப் பாத்து எழுதிருக்கா. அப்படித்தான் எழுதணும்னு நான்தான் மார்க் போட்டுப் பழக்கிருக்கேன்."

"சரி, அந்தப் பிள்ள நெசமா எங்கதான் போயிருக்கு?"

"தெரியாது சார். நான் கேக்கவே இல்ல."

தாளாளர் எழுந்தார். "நீங்க நடத்துங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கோபமா இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு வேலை போவதைக் கண்ணால் பார்த்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

பிறகு செல்வின் சார் தொண்டையைச் செருமினார். "மெர்சி, நான் இன்னொரு தடவ மொதல்ல இருந்து சொல்லட்டா?" ஒரு பையனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, கணக்கு வராமல் அவன் அழும்வரை நிற்கவைத்ததையும், அன்றிலிருந்து அவன் தன் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதையும் சொன்னார். அவருக்குப் பிறகு ராஜபாளையம் டீச்சர், அப்புறம் நான். என் பிள்ளைகள் தூங்குவதைச் சொன்னதும் ஒரு கேள்வி வந்தது: "அவங்க தூங்கும்போது நீங்க என்ன செஞ்சிட்டு இருப்பீங்க?" ப்ரொஜெக்டருக்காக விளக்கை அணைத்துவிட்டு, ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசித்துக்கொண்டிருப்பேன் என்றேன். சொல்லி முடித்ததும் நானே சிரித்துவிட்டேன். இத்தனை வருடப் பயிற்சியில் என்னை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை.

மாலை நான்கு மணிக்குப் பள்ளி வளைவுக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்றோம். ஏன் சொன்னீர்கள் என்று மெர்சியிடம் கேட்டேன்.

"இத்தன பேரு சனிக்கெழம லீவ விட்டுட்டு பஸ் ஏறி வந்திருக்காவ அக்கா. பொய் கேக்கவா வந்தாவ? நான் ஒருத்தியாவது சொல்லலேன்னா அடுத்த மாசம் யாரு வருவா?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

போக நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில விஷயங்கள். வெள்ளி மாலையே போய்ச் சேருங்கள். சனி காலையில் மதுரையிலிருந்து கிளம்பினால் கூட்டத்துக்கு நேரத்தில் போவது சந்தேகம். சென்னைக்காரர்களுக்கு இரவு ரயில் இருக்கிறது, காலையில் சங்கரன்கோவிலிலேயே இறங்கலாம். கூட்டத்துக்குக் கட்டணம் இல்லை, மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய். எனக்கு அறை, சாப்பாடு, போக வர பஸ் எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறுக்குள் முடிந்தது. லேப்டாப் தேவைப்படவில்லை. பள்ளிகளின் பெயரை நான் எழுதவில்லை, காரணம் புரியும். இதே மாதிரிக் கூட்டத்தை உங்கள் ஊரிலேயே தொடங்கலாம், நான்கு பேரும் ஒரு அறையும் போதும். ஆனால் முதலில் பேசுகிறவர் நிஜத்தைச் சொல்ல வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். மெர்சிக்கு என்ன ஆனது என்று தெரியாமல் வெளியிட மனம் வரவில்லை. புதன்கிழமை மாலை அவரே கூப்பிட்டார். பேச ஆரம்பிக்கும்போதே அழுதார். நான் பயந்தபடிதான் ஆகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தாளாளர் அன்று காலை அவரை அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். போனால், கட்டுரை எழுதிய பிள்ளையும் அங்கே நிற்கிறாள். அவளை உட்கார வைத்து, தமிழிலேயே, "நீ எங்கெல்லாம் ஊருக்குப் போயிருக்க மக்கா? சும்மா சொல்லு" என்று கேட்டாராம்.

"அவ எந்திரிச்சி நின்னு, கையக் கட்டிக்கிட்டு, அந்தக் கட்டுரைய இங்கிலீஷ்ல மொதல்ல இருந்து ஒப்பிச்சா அக்கா. பனி உருகுனது வரைக்கும், ஒரு வார்த்த மாறல. சார் குறுக்க பேசவே இல்ல, கடைசி வரைக்கும் கேட்டாரு. பெறகு என்னப் பாத்து, அடுத்த வருசமும் இந்தப் பிள்ளைக்கு நீங்களே எடுங்க டீச்சர்னு கான்ட்ராக்ட் பேப்பர நீட்டிட்டாரு. கையெழுத்து போட்டாச்சி."

எனக்கு உயிர் வந்தது. "அப்புறம் ஏன் மெர்சி அழுறீங்க?"

"ஒப்பிச்சி முடிச்சிட்டு, என்னயப் பாத்துச் சிரிச்சி, 'கரெக்டா மிஸ்?'னு கேட்டா அக்கா."