சரளாவின் மூன்றரை மணிப் படம்

சரளா வீட்டுக்குள் வந்ததும் முகம்கூடக் கழுவாமல் டி.வி.யைப் போட்டாள். நீலமாக வந்தது. அடுத்த சானலைத் தட்டினாள், அதுவும் நீலம். அதற்கடுத்ததில் இந்தியில் ஒருவர் இடுப்பு பெல்ட் விற்றுக்கொண்டிருந்தார். கன்னடச் சானல்கள் பளிச்சென்று வந்தன. தமிழ் ஒன்றுகூட இல்லை. காவேரித் தீர்ப்பு வந்து, கேபிளில் தமிழை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. 2007, பிப்ரவரி மாதம்.

"இன்னும் விடல போலிருக்கு," என்றான் கட்டிலில் படுத்திருந்த அசோகன். அவள் கணவன். ஒரு ஓட்டலில் எலெக்ட்ரீஷியன். அன்றைக்கு அவனுக்கு லீவு.

"எனக்கும் கண்ணு தெரியுது," என்றாள் சரளா.

அவள் பி.எம்.டி.சி. பஸ்ஸில் கண்டக்டர். மெஜஸ்டிக்கிலிருந்து வைட்ஃபீல்டுக்குப் போகிற வண்டி. போகப் போக ரோடே தெரியாது, கார்களின் கூரைதான் தெரியும். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருக்கும் கம்ப்யூட்டர் ஆபீஸ் பிள்ளைகளைத் தோளில் தட்டி, "பாஸ் தோர்சி, சில்லறெ கொடி, முந்தே ஹோகி," என்று பாஸைக் காட்டச் சொல்லி, சில்லறை கேட்டு, முன்னால் போகச் சொல்லி நாள் முழுக்க கன்னடத்தில் தொண்டை கிழியக் கத்துவது அவள் உத்தியோகம். கன்னடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆஸ்டின் டவுனில் பிறந்தவள், கன்னட மீடியம் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கண்டக்டர் வேலைக்கான பரீட்சையில் கன்னடத்தில் அவள் வாங்கிய மார்க்கைப் பார்த்து, "நீங்க எந்த ஊர் பக்கம்?" என்று அதிகாரி ஒருவர் ஆச்சரியமாகக் கேட்டதுண்டு.

தமிழ் அவளுக்குப் படிக்கத் தெரியாது. வேலூர்ப் பக்கத்திலிருந்து அவள் தாத்தா காலத்திலேயே வந்துவிட்ட குடும்பம். அப்பா இருந்தவரை தினமும் தமிழ்ப் பேப்பரை உரக்கப் படிப்பார். விபத்துச் செய்தியைக்கூட ஏற்ற இறக்கத்தோடு படிப்பார். அவர் போன பிறகு பேப்பர் நின்றது. வீட்டில் பேசுகிற தமிழ் உப்பு, பருப்பு, கரண்ட் பில்லோடு முடிந்துபோயிற்று. நல்ல தமிழ் நாலு வார்த்தை காதில் விழவேண்டுமென்றால் அவளுக்கு இருந்தது டி.வி. ஒன்றுதான்.

அவளுக்கு எப்போதும் முதல் ஷிஃப்ட். இருட்டோடு எழுந்து போனால் மத்தியானம் மூன்றுக்கு வீடு. மூன்றரைக்கு ஒரு தமிழ்ச் சானலில் பழைய படம் போடுவார்கள். சரளா முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவாள். என்ன படம் என்று கேட்கமாட்டாள். கறுப்பு வெள்ளையானாலும் சரி, கலரானாலும் சரி, கதாநாயகி கோர்ட்டில் நின்று மூச்சுவிடாமல் பேசுகிற படமாக இருந்தால் இன்னும் சரி. அந்த இரண்டரை மணி நேரம் அவளிடம் யாரும் சில்லறை கேட்கக்கூடாது. சோறுகூடக் கேட்கக்கூடாது. மகள் வீணா பி.யு.சி. படிக்கிறவள், அவளுக்கும் இது தெரியும்.

அதைத்தான் டென்சில் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

டென்சில் அந்தத் தெருவின் கேபிள்காரன். தெருமுனையில் வீடு, அதிலேயே ஒரு அறையில் கன்ட்ரோல் ரூம். சின்ன வயதில் அவனும் அசோகனும் ஆஸ்டின் டவுன் மைதானத்தில் ஒரே டீமில் புட்பால் ஆடியவர்கள். அசோகன் பின்னால் நின்று தடுப்பான், டென்சில் முன்னால் நின்று கோல் அடிப்பான். போன வருஷம் உலகக் கோப்பையின்போது டென்சில் தெருவிலேயே பெரிய டி.வி.யை வைத்து, எல்லாருக்கும் டீயும் கொடுத்தான். இப்படிப்பட்ட சிநேகிதனின் கேபிளை வெட்டிவிட்டு டிஷ் போடுவதென்றால் அசோகனுக்கு அது சேம் சைடு கோல் போட்டதற்குச் சமம்.

"டிஷ் போட்டுடலாம்ங்க. அது ஆகாசத்துலேருந்து வருது. யாரும் வந்து ஆஃப் பண்ண முடியாது," என்றாள் சரளா.

"பார்க்கலாம்," என்றான் அசோகன்.

இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் இருபது வருஷம் குடித்தனம் நடத்தியிருந்தாள். ஃப்ரிட்ஜ் வாங்கலாமா என்று கேட்டதற்கு 'பார்க்கலாம்' என்று சொல்லி, மூன்று கோடைக்காலம் பார்த்துக்கொண்டே இருந்தவன் அவன்.

மார்ச்சில் ஊர் அடங்கியது, தமிழ்ச் சானல்கள் திரும்பி வந்தன. சரளா மூச்சுவிட்டாள். மறுவாரமே கார்ப்பரேஷன்காரர்கள் மரக்கிளை வெட்டும்போது கேபிளையும் சேர்த்து வெட்டினார்கள். அதைச் சரிசெய்ததும் படம் வந்தது, சத்தம் வரவில்லை. சத்தம் வந்தபோது டென்சில் புதிதாக விளம்பரம் பிடித்திருந்தான். திரையின் அடிப்பாகத்தில் மஞ்சள் பட்டையில் எழுத்து ஓடியது. கணவன் சடலத்தின்மேல் விழுந்து கதாநாயகி கதறுகிறாள். அவள் மோவாய்க்குக் கீழே, மூல வியாதிக்கு ஆபரேஷன் இல்லாமல் வைத்தியம் என்று கன்னடத்தில் ஓடுகிறது. கன்னடம் படிக்கத் தெரிந்த பாவத்துக்கு சரளா அதை வரி விடாமல் படித்தாள்.

"பேஜாரா இருக்குங்க," என்றாள் அசோகனிடம். "ஒண்ணு நீங்க போய் உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க, இல்லன்னா டிஷ் போடுங்க."

அசோகன் கடை கடையாகப் போய் எல்லா டிஷ் கம்பெனி நோட்டீசுகளையும் வாங்கி வந்தான். இங்கிலீஷில் இருந்ததை வீணாவை விட்டுப் படிக்கச் சொன்னான். பிறகு எதிர்வீட்டு வள்ளியம்மாவிடம் போய் அபிப்பிராயம் கேட்டான். தெருவிலேயே முதலில் டிஷ் வைத்தவள் அவள்.

"வெயில்னா ஜம்முனு வருது. மழைன்னா மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா ஆயிடுது," என்றாள் வள்ளியம்மா.

"பாத்தியா?" என்று திரும்பி வந்து சரளாவிடம் சொன்னான்.

"நம்ம கேபிள் வெயில்லயே வரலியே!"

"அதுவும் சரிதான்," என்றான் அசோகன். அதோடு நோட்டீசுகளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டான்.

சரளாவுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. டிப்போவில் சொன்னால் அங்கே ஆளுக்கொரு யோசனை. ஒருத்தி டிஷ் வைத்தால் சுவர் ஒழுகும் என்றாள். இன்னொருவர் அதெல்லாம் காந்த அலை, தலைவலி வரும் என்றார். எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசினார்கள். ஒருவர் வீட்டிலும் டிஷ் இல்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், டின் ஃபேக்டரி பக்கம் இரண்டு மணி நேரம் நின்ற பஸ்ஸில் வெந்து, ஒரு பயணியோடு ஐம்பது பைசாவுக்குச் சண்டை போட்டு, ஓடி வந்து உட்கார்ந்தாள். நல்ல படம். அண்ணன் தங்கை கதை. பிரிந்துபோன அண்ணன் கடைசியில் தங்கை வீட்டு வாசலில் பிச்சைக்காரனைப்போல வந்து நிற்கிறான். தங்கை கதவைத் திறக்கிறாள், வாயைத் திறக்கிறாள். நீலம்.

சரளா காக்கி உடுப்பை மாற்றாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள்.

கன்ட்ரோல் ரூமில் டென்சில் இரண்டு காதிலும் ஃபோனோடு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் பெட்டி பெட்டியாகச் சிவப்பு விளக்குகள் மினுக்கின. அவளைப் பார்த்ததும் ஒரு ஃபோனைக் கீழே வைத்தான்.

"சிஸ்டர், ஐந்து நிமிஷம். ஆம்ப்ளிஃபயர் போயிடுச்சு."

"அஞ்சு நிமிஷத்துல படம் முடிஞ்சிடும் டென்சில் அண்ணா! தங்கச்சி என்ன சொன்னாள்னு நீங்க வந்து சொல்வீங்களா?"

"எந்தத் தங்கச்சி?" என்று பயந்துபோய்க் கேட்டான் டென்சில்.

சரளா அத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினாள். மரக்கிளை, சத்தம், மூல வியாதி ஒன்றையும் விடவில்லை. தொண்டை கண்டக்டர் தொண்டை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கடைசியில், "பிப்ரவரியில ஏன் நிறுத்தினீங்க? நீங்களும் தமிழ்தானே பேசறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

டென்சில் முகம் மாறியது. "நாலு பேர் வந்து வாசல்ல நின்னாங்க சிஸ்டர். கல்லு எடுக்கல, ஒண்ணும் பண்ணல. சும்மனே நின்னாங்க. தொண்ணூத்தியொண்ணு காவேரிக் கலவரத்துல இந்த ஊர் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியும். உள்ள என் பசங்க இருந்தாங்க. நான் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணிட்டேன்."

சரளாவுக்குத் தெரியும். தொண்ணூத்தியொண்ணில் அவள் அப்பா வாசல் கதவுக்கு உள்ளே பீரோவைத் தள்ளி வைத்துவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். வந்த கோபம் பாதியில் நின்றுபோனது இன்னும் எரிச்சலாக இருந்தது. வேறு பக்கம் பார்க்கலாம் என்று வாசலில் இறங்கித் தலையை நிமிர்த்தினாள். டென்சில் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சாம்பல் நிறத்தில் ஏதோ எட்டிப் பார்த்தது.

"அண்ணா, அது என்ன?"

டென்சில் வாசல்வரை வந்து அவள் பார்த்த பக்கம் பார்த்தான்.

"டிஷ்ஷா?"

"வீட்டுல ரொம்பத் தொந்தரவு சிஸ்டர்," என்றான் டென்சில் தாழ்ந்த குரலில். "கேபிள் சரியா வரலைன்னு என் ஒய்ஃப் ஒரே சண்டை. அசோகன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மனசு கஷ்டப்படுவான்."

சரளா அன்றைக்கே அசோகனிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. நடந்து போய்த் தெருமுனையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தான். அதன்பிறகு 'பார்க்கலாம்' என்று சொல்ல அவனிடம் காரணம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிஷ் வந்தது. மாட்ட வந்தவனோடு டென்சிலும் வந்து மாடியில் நின்றுகொண்டு, "இந்தப் பக்கம் திருப்பு, தென்னை மரம் மறைக்குது," என்று அதிகாரம் பண்ணினான். அசோகனுக்கு வெட்கமாக இருந்தது போலிருக்கிறது, காய் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, எல்லாம் முடிந்த பிறகு வெறும் கொத்துமல்லியோடு வந்தான்.

டி.வி.யைப் போட்டார்கள். கண்ணாடிபோல் துல்லியம். ஒவ்வொரு சானலாகப் பார்த்துக்கொண்டே போனாள் சரளா. இந்தி, இங்கிலீஷ், பஞ்சாபிகூட வந்தது. தமிழ் வரவில்லை.

"தமிழுக்குத் தனி பேக் போடணும் மேடம்," என்றான் மாட்டியவன், பையை மூடிக்கொண்டே. "கஸ்டமர் கேருக்கு ஃபோன் பண்ணுங்க."

சரளா ஃபோன் செய்தாள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது ஒரு குரல். அழுத்தினாள். பாட்டு வந்தது. பாட்டுக்குப் பிறகு இந்தியில் ஒரு பையன் வந்து அவளை நலம் விசாரித்தான். கன்னடத்தில் கேட்டாள், அவனுக்குப் புரியவில்லை. தமிழில் கேட்டாள், அதுவும் புரியவில்லை. பஸ்ஸில் கற்றுக்கொண்ட இந்தியில் கேட்டாள். அவன் மிகவும் மரியாதையாக லைனைத் துண்டித்தான். டென்சிலாவது கத்தினால் பயந்தான். இவனிடம் கத்தக்கூட முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஒன்றை அழுத்து. கடைசியில் வீணா ஃபோனை வாங்கி, இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினாள். தமிழ் வந்தது.

மே மாதம் முழுக்க மத்தியானத்தில் இடியும் மழையும். வள்ளியம்மா சொன்னபடியே மூஞ்சிகள் கட்டம் கட்டமாக உடைந்தன. அசோகன் எழுந்து போய், டி.வி.க்குப் பின்னால் எதையோ மாற்றிச் சொருகினான். படம் வந்தது. அடியில் மஞ்சள் பட்டை ஓடியது. அவன் கேபிளை நிறுத்தவே இல்லை என்பது அப்போதுதான் சரளாவுக்குத் தெரிந்தது.

"டென்சில்கிட்ட எப்படி வேணாம்னு சொல்றது?" என்றான் அசோகன். "மழைக்கு ஆச்சு இல்ல?"

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். மழைக்குக் கேபிள், மற்ற நாளுக்கு டிஷ். இரண்டும் வராத நாள் என்று அந்த மாதத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அன்றைக்குக் கரண்ட் இல்லை.

இப்படி ஒருவழியாகப் படம் அமைந்தபோது, ஜூன் முதல் தேதி டிப்போவில் டியூட்டி மாற்றினார்கள். சரளாவுக்கு இரண்டாவது ஷிஃப்ட். மத்தியானம் இரண்டுக்கு வண்டி ஏறவேண்டும்.

அவள் போர்டின் முன்னால் நின்று தன் பெயரை இரண்டுமுறை படித்தாள். பிறகு நேராக டிப்போ மேனேஜர் அறைக்குப் போனாள். காவேரிப் பாசனம் நடக்கிற மண்டியாக்காரர், கறாரான மனிதர். முதல் ஷிஃப்டே வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டாள். என்ன காரணம் என்று நிமிராமல் கேட்டார்.

மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். மகளுக்குப் பரீட்சை என்று சொல்லலாம். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். சரளாவுக்கு இதற்கு மேல் சுற்றி வளைக்கத் தெம்பு இல்லை.

"மூன்றரைக்குத் தமிழ்ப் படம் போடுவாங்க சார். நான் பார்க்கணும்."

மேனேஜர் நிமிர்ந்தார். அவள் சிரிக்கவில்லை.

"இந்த நாற்காலியில உட்கார்ந்து ஏழு வருஷமாச்சு," என்றார் கன்னடத்தில். "ஷிஃப்ட் கேட்டு வந்து நிஜத்தைச் சொன்ன முதல் ஆள் நீதான் அம்மா. தினமுமா போடறாங்க?"

"சனி ஞாயிறு கிடையாது சார்."

"அப்போ சனி ஞாயிறு ரெண்டாவது ஷிஃப்ட் பண்ணு," என்று சொல்லிப் பேனாவை எடுத்தார்.