நூறு மார்க் வாங்கிய காது

இன்றைக்குப் பார்க்கக் கிடைத்தவர் டப்பாக்கா. பார்த்த நேரத்தில் ஒரு குழந்தையின் முதுகுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றுகொண்டு, பிஸ்கட் உறையை விரல் நுனியால் நசுக்கிக்கொண்டிருந்தார். குழந்தை சட்டென்று திரும்பியது. "பாம்புக் காதுடா உனக்கு" என்று ஒரு பிஸ்கட்டை அதன் கையில் வைத்துவிட்டு, பெஞ்சில் அடுத்த குழந்தையின் முதுகுக்கு நகர்ந்தார். இது பரிசோதனை இல்லை. காலையில் அறையைத் திறப்பதற்கு முன் ஆடும் விளையாட்டு. யார் திரும்பினார்கள், யார் திரும்பவில்லை என்று மனசுக்குள் மட்டும் குறித்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரி மாடியில் கடைசி அறை அவருடையது. குழந்தைகளுக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து சொல்கிற வேலை, பதினெட்டு வருஷமாக. மேஜையில் சத்தம் எழுப்பும் ஒரு மெஷின், கலர் கலராக மரக்கட்டைகள், ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா. சத்தம் கேட்டால் ஒரு கட்டையை எடுத்து டப்பாவில் போட வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. "டப்பா அக்கா" என்று எந்தக் குழந்தை முதலில் கூப்பிட்டதோ, இப்போது டாக்டர்களே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அவர் கையில் வளையல் கிடையாது, காலில் கொலுசு கிடையாது. சரசரக்கும் துணி உடுத்துவதில்லை, சென்ட் அடிப்பதில்லை. ரப்பர் செருப்பில் பூனை மாதிரி நடக்கிறார். "காது கேக்காத புள்ள சும்மா உக்காந்திருக்கும்னு நினைக்காதீங்க. கண்ணு, மூக்கு, தோலு, எல்லாத்தையும் ஓவர் டைம் வேலைக்கு வெச்சிருக்கும்" என்பது அவர் கட்சி. அறையின் கண்ணாடி அலமாரி முழுக்கக் காக்கித் தாள் ஒட்டியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன், அலமாரிக் கண்ணாடியில் அவர் விரல் பட்டனை அமுக்குவதைப் பார்த்துப் பார்த்தே எல்லாக் கட்டையையும் சரியாகப் போட்டுவிட்டானாம். நன்றாகக் கேட்கிறது என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து, பேச்சே வராமல் அதே பையன் திரும்பி வந்தான். அன்று ஒட்டிய தாள்.

வீட்டிலும் தொழில் விடுவதில்லை. கணவர் பேப்பர் படிக்கும்போது பின்னால் போய் நின்று மெல்லிய குரலில் எதையாவது சொல்லிப் பார்ப்பாராம். 'கேட்கிறது, பதில் சொல்ல விருப்பமில்லை' என்று அந்த மனுஷர் ஒரு சீட்டில் எழுதி நாற்காலி முதுகில் ஒட்டிவிட்டார். சொல்லிவிட்டு டப்பாக்கா சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

சிரிப்பு நின்று முகம் மாறுவது ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான். எதைச் சொன்னாலும் காதில் வாங்க மாட்டேன்கிறது என்று பெற்றவர்கள் குழந்தையைக் குற்றம் சொல்லும்போது. "கடையில சரக்கு இருந்தாத்தானேம்மா வாங்க முடியும்?" என்று கேட்பார்.

இன்று முதலில் உள்ளே வந்த அம்மாவும் அதைத்தான் சொன்னாள். மூன்றரை வயது மகள் கையைப் பிடித்திருந்தாள். விளையாட்டுப் பள்ளியில் இவள் சொன்ன சொல் கேட்பதில்லை, பாட்டுக்கு வாய் அசைப்பதில்லை, கொஞ்சம் மந்தமோ என்று டீச்சருக்குச் சந்தேகம். காதில் குறையில்லை என்று எழுதி வாங்கி வந்தால்தான் திங்கட்கிழமை மறுபடி சேர்ப்போம் என்றுவிட்டார்களாம். பள்ளியில் இடம் போனால் இவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அம்மாவின் தையல் கம்பெனி வேலையும் போய்விடும்.

"கதவு சாத்தினா திரும்புறா மேடம். நாய் குரைச்சா ஓடி வந்து ஒட்டிக்கிறா. காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, வெறும் பிடிவாதம். நல்லா இருக்குன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க."

ஹெட்போனை மாட்டியதும் குழந்தை பிடுங்கி எறிந்தாள். சரி என்று அம்மா மடியிலேயே உட்கார வைத்து, சுவர் ஸ்பீக்கரில் சத்தம் போட்டார் டப்பாக்கா. முதலில் மத்தளம் மாதிரி கனமான சத்தம். கட்டை விழுந்தது. மெதுவாக்கினார், விழுந்தது. அப்புறம் கீச்சென்ற மெல்லிய சத்தம், விசில் மாதிரி, கடைசியில் கொசு ரீங்காரம் மாதிரி. எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று கட்டை விழுந்தது. அம்மாவின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

டப்பாக்கா பேனாவை எடுத்துத் தேதி போட்டார். பெயர் எழுதினார். அப்புறம் பேனா நின்றுவிட்டது. கடைசியாகப் போட்ட சத்தம் அவர் காதுக்கே எட்டியும் எட்டாமலும்தான் வந்தது. குழந்தைகள் நடுவில் சலித்துப்போவார்கள், போடாத சத்தத்துக்கும் கட்டை போடுவார்கள். இவள் ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை.

"நூறு மார்க் வாங்குற காத நான் பாத்ததே இல்லையே" என்று முணுமுணுத்தார்.

மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை குழந்தையைப் பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில் பார்த்தார். கொசுச் சத்தம் வந்ததும் அம்மாவின் கால் கட்டைவிரல் எழும்பியது. அதோடு முழங்கால் ஒரு மயிரிழை உயர்ந்தது. கட்டை விழுந்தது. அடுத்த சத்தம், அதே விரல், அதே மயிரிழை, கட்டை. தன் கால் இப்படிக் காட்டிக்கொடுப்பது அந்த அம்மாவுக்குத் துளியும் தெரியாது. மடியில் இருப்பவளுக்கு அந்த மயிரிழை போதுமாக இருந்தது.

இரைச்சல் ஓடும் ஒரு ஹெட்போனை எடுத்து அம்மாவின் காதில் மாட்டப் போனார். டெஸ்ட் எனக்கா இவளுக்கா என்று அவளுக்குச் சுருக்கென்றது. "ரெண்டு பேருக்கும்தான்னு வெச்சுக்கங்களேன்" என்று மாட்டிவிட்டார்.

கனமான சத்தத்துக்குக் கட்டை விழுந்தது. மெல்லிய சத்தம் வந்தது. குழந்தை கட்டையைக் கன்னத்தில் வைத்தபடி காத்திருந்தாள். இன்னும் கூட்டினார். காத்திருந்தாள். தலையைப் பின்னால் சாய்த்து அம்மாவின் முகத்தைத் தேடினாள். காது நிறைய இரைச்சலோடு ஒன்றும் அறியாத அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்புறம் டப்பாக்கா குழந்தையைச் சின்ன நாற்காலிக்கு மாற்றி, அம்மாவின் ஹெட்போனைக் கழற்றிப் பின்னால் நிற்க வைத்தார். "இப்ப வர்ற சத்தம் உங்களுக்கு நல்லாக் கேக்கும். நீங்க ஒண்ணும் செய்யக் கூடாது. கல்லு மாதிரி நில்லுங்க."

விசில் அறை முழுக்கக் கேட்டது. கட்டை கன்னத்திலேயே இருந்தது. இரண்டாவது விசில். மூன்றாவது. அம்மாவின் வலது கை தானாக மகளின் தோளுக்கு நீண்டது. அவளே இடது கையால் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப, நான் கூப்பிட்டா வர்றாளேக்கா. அது?" என்றாள் அம்மா. மேடம் எப்போது அக்கா ஆனார் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"உங்களப் பாத்து வர்றா. உங்க நிழலு, நடக்குற அதிர்வு, சத்தம் வந்தா எழும்புற உங்க கால் கட்டைவிரல், எல்லாம் அவளுக்கு அத்துப்படி." கதவும் நாயும் கனமான சத்தம், அது கேட்கிறது, பேச்சில் ச, த, ட மாதிரி மெல்லிய ஒலிகள்தான் விழுவதில்லை என்று விளக்கினார். பாதி எழுத்து அழிந்த புத்தகத்தை வாசிக்கச் சொல்லித் திட்டுகிற மாதிரிதான் இதுவும். சளி கட்டி அடைத்த காதாக இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இது உள்காது மாதிரி தெரிகிறது, டாக்டர் பார்த்து உறுதி செய்யட்டும், காதுக்கு மெஷின் வைத்துப் பேச்சுப் பயிற்சி கொடுத்தால் நல்ல பலன் இருக்கும், ஆனால் இனி ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது என்றார்.

"நான்தான் ஏமாத்திட்டேனா?"

"நீங்க எங்கம்மா ஏமாத்தினீங்க? உங்க கட்டைவிரல் ஆசைப்பட்டுச்சு." குழந்தையின் கையிலிருந்த கட்டையை வாங்கினார். "யாரு இவள மந்தம்னு சொன்னது? அம்மா கால் விரல வெச்சே பரீட்சை எழுதுற புள்ள மந்தமா?"

அப்போதுதான் அந்த அம்மா அழுதாள். அறை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கண்களும் சும்மா இருக்கவில்லை என்பதை மறைப்பானேன்.

கேட்ட அந்த ஒரு வரியை டப்பாக்கா எழுதவில்லை. வேறு நாலு வரி எழுதினார். இவளுக்குப் பிடிவாதம் இல்லை, மெல்லிய ஒலிகள் கேட்பதில்லை. முகம் தெரிகிற மாதிரி முன்னால் உட்கார வையுங்கள். கூப்பிடுவதென்றால் எதிரில் வந்து கூப்பிடுங்கள். திங்கட்கிழமை வருவாள். கீழே தன் போன் நம்பரை எழுதி, அதற்கு அடியில் இரண்டு கோடு போட்டார்.

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ, சொன்னதைக் கேட்கவில்லை என்று தினம் திட்டு வாங்குகிற குழந்தை இருந்தால், அடுத்த திட்டுக்கு முன்னால் இப்படி ஓர் அறைக்கு ஒரு தடவை கூட்டிப் போங்கள். படிக்கும்போது யார் முகமாவது ஞாபகம் வந்தால் அவர்களுக்கு இதை அனுப்பிவிடுங்கள்.

அம்மாவும் மகளும் கிளம்பியபோது குழந்தை முன்னால் ஓடிப்போய், வராந்தா கடைசி ஜன்னலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அம்மா இங்கிருந்தே கூப்பிட வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். வராந்தா நீளத்துக்கும் நடந்து, சுற்றி எதிர்ப்பக்கம் போய், மண்டியிட்டு, முகத்துக்கு நேராக முகம் வைத்துப் பேச ஆரம்பித்தாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட வாசலுக்கு வந்த டப்பாக்கா கூப்பிடவில்லை. மூடப் பார்த்த கதவை அடித்துக்கொள்ளாமல் கையால் பிடித்தபடி, அவள் பேசி முடிக்கிறவரைக்கும் அப்படியே நின்றார்.