உரைகல்லில் ஒரு கழுகு

பூந்தமல்லியில் பஸ் மாறும் இடைவெளியில், மகளின் அறுந்த கொலுசைப் பற்றவைக்க ஒரு வெள்ளிக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். பாரிவாக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தேய்ந்த நாணயம் ஒன்றைக் கொடுக்கிறார். சங்கிலியில் கோத்திருந்த வளையம் விட்டுப்போச்சாம். எந்த வேலைக்கும் முன்னால் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது கடைக்கார பாயின் பழக்கம்.

"இதுல பாதி செம்பு கீதும்மா."

"கல்யாணத்துக்கு எங்கப்பா போட்டது பாய். சுத்த வெள்ளின்னுதான் குடுத்தாரு." அந்த அம்மாவின் குரல் இறங்குகிறது. "நானும் மாமியார் ஊட்ல அப்டித்தான் சொல்லிகினு கீறேன்."

பழைய காசைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. கேட்டு வாங்கி, செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடிக்கிறேன். ஒரு பக்கம் மூக்கு மழுங்கிய தலை. மறுபக்கம் சிறகு விரித்த கழுகு, விளிம்பில் நாலைந்து கிரேக்க எழுத்துகள். ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் ஆண்ட காலத்துச் சிரியா நாட்டுக் காசு. அங்கே போகப்போக அரசாங்கமே வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டி அச்சடித்தது. இருவருக்கும் இதைச் சொல்கிறேன்.

பாய் நாணயத்தைத் துணியால் துடைத்து, அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைக்கிறார்.

"உங்கப்பா பொய் சொல்லலம்மா. ராஜாவே கலந்துகீறான்."

"எங்கப்பாவயே ஏமாத்திகீறானே, பாவி!" என்று, என்றோ செத்துப்போன சக்கரவர்த்தியை அந்த அம்மா திட்டத் தொடங்குகிறார். முகம் தெளிந்துவிட்டது.