முகமூடி போடாத எடுபிடி

லுக்குட்டில் மூணு மாடிக் கடை, லிங்கியில் லோரிப் பட்டறை, ரந்தாவில் கோயில் மண்டபம். எல்லாம் மூணாம் வகுப்பைத் தாண்டாத நான் கட்டியவை. அதற்கெல்லாம் முன்னாலேயே ஒரு வீரனையும் உண்டாக்கினேன்.

வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலத்தில், முள்வேலிக்குள் தோட்டத்து லயத்து வீடுகளிலேயே அடைந்து கிடந்தோம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் மகன் இங்கிலீஷ் படக்கதைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தான். படத்தைப் பார்த்து நானே கதை கட்டிச் சொன்னேன். முகமூடி வீரன் வந்ததும், எங்களை வேலை வாங்கும் மண்டோர் மூஞ்சியைச் சுளித்தார்.

"மூஞ்சிய மூடிக்கிட்டு போலீஸ் ஜீப்புல வர்றவன் நம்மளக் காட்டிக்கொடுக்கிறவன்டா. அவனா வீரன்?"

லயமே தலையாட்டியது. உடனே, படத்தில் அவன் பக்கத்தில் முகமூடி போடாமல் நின்ற எடுபிடிப் பையனை வீரனாக்கினேன். முகமூடிக்காரனை அவனுக்குக் குடை பிடிக்க வைத்தேன். ஒரே கைதட்டல்.

பின்னாளில் கிராணி மகன் அந்தப் பையனையே வரைந்து புத்தகம் போட்டுப் பேர் வாங்கிவிட்டான். அடுத்த பதிப்பில் அட்டையில் என் பேர் வரணும், அவன் பேருக்கு மேலே.