எழுபத்தொன்பது சேலையும் ஒரு மேல் தட்டும்

என் மனைவியின் சேலைகளை அவளுக்குத் தெரியாமல் எண்ணியவன் நான். எழுபத்தொன்பது. எண்ணியதோடு விட்டிருந்தாலாவது மன்னிக்கலாம். எந்தச் சேலையை எடுக்கிறாள், எதைத் தொடுவதே இல்லை என்று கண்டுபிடிக்க, மடிப்புகளுக்கு நடுவே பழைய பஸ் டிக்கெட்டுகளைச் செருகி வைத்தேன். சேலையை உருவினால் டிக்கெட் கீழே விழும். அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிறகு, விழுந்த டிக்கெட்டைப் பொறுக்கி, நோட்டில் குறித்துக்கொள்வேன். ஐம்பத்து மூன்று வயதில், குளத்தூரில் ஓர் அலுவலகத்தில் கொஞ்சம் பெரிய நாற்காலியில் உட்காருகிற ஒருவன், அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய்க்கொண்டே செய்த வேலை இது.

எல்லாம் ஒரு அலமாரிக்காக.

புதுக்கோட்டையில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் பன்னிரண்டு வயது. படுக்கையறைச் சுவரில் கடப்பாக் கல் பதித்த, கதவில்லாத அடுக்குகள். எதிரே, கலியாணத்துக்கு அவள் வீட்டுச் சீராக வந்த இரும்பு பீரோ. பீரோ நிறைந்து பல வருடமாகிவிட்டது. அடுக்குகளில் துணியும் தூசியும் கூட்டுக்குடித்தனம். அந்தப் பத்தடிச் சுவர் முழுக்கக் கதவு போட்ட மர அலமாரி ஒன்று செய்துவிட வேண்டும் என்று இருவருமாக முடிவெடுத்தோம். அப்படியென்றால், அவள் சொன்னாள், நான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னேன்.

வேலைக்கு ஒப்புக்கொண்டவர் ஆவூர்ப் பக்கத்துக்காரர். ஷார்ஜாவில் எட்டு வருடம் இதே தொழில் பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஆனி மாதக் கடைசியில் போனில் பேசினார்.

"வர்ற திங்கக்கிழம அளவெடுக்க வரட்டுமா சார்?"

"ஆடி பொறக்கப் போகுதே. ஆவணியில பாப்போம்."

"எங்களுக்கு ஆடியெல்லாம் ஒண்ணும் கெடையாது சார். மாதா கோயில் திருவிழா அன்னைக்கு மட்டும்தான் லீவு."

எனக்கும் ஆடி கிடையாது. கல்லூரி நாளிலிருந்து ஆடி, அஷ்டமி, ராகுகாலம் மூன்றையும் டீக்கடை பெஞ்சுகளில் ஒழித்துக்கட்டியவன். ஆனாலும் ஒரு வேலையைத் தொடங்காமல் தள்ளிப்போட ஆடியைவிட மரியாதையான காரணம் தமிழனுக்குக் கிடைக்காது. எனக்கு ஒரு மாதம் தேவைப்பட்டது. திட்டம் போட.

திட்டம் போடுவது என்னுடைய நோய். எதையாவது செய்ய வேண்டுமென்றால் முதலில் அதைப் பற்றிப் படிப்பேன். படித்து முடித்ததும் செய்து முடித்த அயர்வு வந்துவிடும். இந்த முறை கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் 'குறிக்கோள்' என்று எழுதி அடிக்கோடிட்டேன். அறையின் நீள அகலம், ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, வேட்டியை நான்காக மடித்தால் எத்தனை அங்குலம், எட்டாக மடித்தால் எத்தனை என்று பதினாறு பக்கம். அதன் பிறகுதான் பஸ் டிக்கெட் ஆராய்ச்சி.

மூன்று வாரம் நடந்தது. முடிவு தெளிவாக இருந்தது. கீழ் அடுக்குகளிலிருந்து ஆறு சேலைதான் மாறி மாறி வெளியே போய் வருகிறது. மேல் இரண்டு அடுக்கில் இருந்த நல்ல சேலைகளில் ஒரு டிக்கெட் கூட விழவில்லை. நோட்டில் எழுதினேன்: 'மேல் தட்டு: பயன்பாடு இல்லை.' எழுதிவிட்டு, வரைபடத்தில் மேல் தட்டு முழுவதையும் என் புத்தகங்களுக்கு ஒதுக்கினேன். 'புத்தகம்' என்று எழுதத் தைரியம் வராமல் 'இதர பொருட்கள்' என்று எழுதினேன்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஆடிப் பெருக்கன்று கந்தர்வக்கோட்டையில் மச்சான் வீட்டில் விருந்து. அவளுடைய அண்ணன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்.

"ஒங்க தங்கச்சி சேலை விசயத்துல முனிவராயிட்டா மச்சான். ஆறே சேலை. பட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்கிறதில்ல."

மச்சான் ஆச்சரியப்பட்டார். என் மனைவி இடது கையால் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்ணே. அடுத்து காவிதான். துணி கொறச்சலா இருக்கும், தொவைக்கிறதும் சுளுவு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரசம் இலையில் விழாமல் என் சட்டைக் கையில் கொஞ்சம் விழுந்தது. அவள் இடது கைக்காரி இல்லை என்பது இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

ஆவணி இரண்டாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆவூர்க்காரர் வந்தார். கையில் லேசர் அளவுக் கருவி, காதில் பென்சில். நான் நோட்டை நீட்டினேன். மரியாதையாக நான்கு பக்கம் புரட்டினார்.

"நல்லா போட்டிருக்கீங்க சார். இஞ்சினியரா நீங்க?"

"இல்ல, ஆர்வம்தான்."

"இதர பொருள்னா என்ன சார்? பத்தடிச் செவத்துல பத்தடிக்கும் இதரமா இருக்கே."

"புத்தகம்" என்றாள் என் மனைவி. அவள் நோட்டைப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னல் பக்கம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் நோட்டை மூடிக் கட்டில்மேல் வைத்துவிட்டார். "படத்த அப்பறம் பாப்போம் சார். டீச்சர், இங்கிட்டு வாங்க. அந்தச் செவத்தோரமா நில்லுங்க."

"நான் எதுக்குத் தம்பி?"

"நான் எந்த வீட்டுக்குப் போனாலும் மொத அளவு இதுதான். பொழங்கப் போறவுக கை எம்புட்டு எட்டுதுன்னு கோடு போட்டுக்குவேன். மரத்த அறுத்ததுக்கப்பறம் எட்டலன்னு சொன்னா யாரு பொறுப்பு? ரெண்டு கையயும் மேல தூக்குங்க."

அடுக்குகள் முடிகிற இடத்தில் ஓரடிக்கு வெற்றுச் சுவர் இருந்தது. அவள் அங்கே போய் நின்று இடது கையைத் தூக்கினாள். விரல் நுனியில் பென்சிலால் கோடு போட்டார். டேப்பைப் பிடித்தது நான். ஆறடி இரண்டு அங்குலம்.

"சோத்துக் கை, டீச்சர்."

"அதுவும் அதே அளவுதான். போட்டுக்கங்க."

"சில பேருக்கு ஒரு இஞ்சி முன்னப் பின்ன வரும். சும்மா தூக்குங்க."

தூக்கினாள். கை தோள் உயரத்துக்கு வந்து, அங்கேயே நின்றது. அதற்கு மேல் போவதற்காக உடம்பே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கை போகவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள். பிறகு திரும்பி, ஏதோ சின்னத் திருட்டில் மாட்டிக்கொண்ட மாதிரி சிரித்தாள்.

"அம்புட்டுத்தான் தம்பி. போதும், போடுங்க."

அவர் நிதானமாகக் கோடு போட்டார். நாலடி நாலு அங்குலம்.

"எத்தன நாளா டீச்சர்?"

"சித்திரையிலேர்ந்து."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அதற்காக அவருக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டவன். "நான் போயி ஒரு டீ குடிச்சிட்டு வாரேன் சார்" என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சுவரில் இரண்டு கோடு. நடுவே இருபத்திரண்டு அங்குலம். டேப்பை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மேல் தட்டில் ஒரு டிக்கெட் கூட விழாததன் காரணம் அந்த இருபத்திரண்டு அங்குலத்தில் இருந்தது. அடுக்கு குலையாமல் ஒரு சேலையை உருவ இரண்டு கையும் மேலே போக வேண்டும். அதன் பிறகு மற்றவையெல்லாம் வரிசையாக வந்து நின்றன. நாலு மாதமாக அவள் பின்னல் போடாமல் கிளிப் மாட்டுகிறாள். புது மாதிரி என்று நினைத்தேன். சமையலறையில் மேல் அலமாரி டப்பாக்களெல்லாம் மேடைக்கு இறங்கியிருந்தன. நோட்டில் 'சமையலறை: ஒழுங்கு தேவை' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கூட வைத்திருக்கிறேன்.

"ஏன் சொல்லல?"

"சொல்லி?"

"டாக்டர்ட்ட போயிருக்கலாம்ல?"

கட்டிலில் உட்கார்ந்தாள். மடித்த துணியை மறுபடி மடித்தாள். "மூணு வருசத்துக்கு முன்னாடி முட்டி வலிக்கிதுன்னு ஒரு வார்த்த சொன்னேன். ஒரு நோட்டு போட்டீங்க. காலையில வெந்தயம், சாயந்திரம் எண்ண, எத்தன படி ஏறுனேன்னு தெனம் கணக்கு. ராத்திரி முழிச்சு ஒக்காந்து முட்டியப் பத்திப் படிச்சிட்டு, காலையில மொகம் வெளிறிப் போயி நிப்பீங்க. எனக்கு வலிச்சா வலி போற வரைக்கும் ஒங்களையும் சேத்துப் பாத்துக்கணும். ரெண்டு வேல."

சொல்ல இருந்ததெல்லாம் நோட்டில்தான் எழுத வரும் எனக்கு.

"பள்ளிக்கூடத்துல?" என்று கேட்டேன். அவள் திருவரங்குளத்துப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"போர்டுல பாதிக்குக் கீழதான் எழுதுறேன். ஏன் டீச்சர் கீழயே எழுதுறீங்கன்னு ரெண்டாம் நாளே பிள்ளைக கேட்டுச்சுக. முன்னாடி ஒக்காந்திருக்கிற குட்டைப் பிள்ளைகளுக்குத் தெரியணும்லன்னு சொல்லிட்டேன்."

பிள்ளைகள் இரண்டாம் நாளே கேட்டிருக்கிறார்கள். பஸ் டிக்கெட் இல்லாமலே.

"பயமாயிருந்துச்சு" என்றாள், துணியிடம் சொல்வது போல. "இப்புடியே நின்னுருமோன்னு. டாக்டர்ட்ட போனா ஆமான்னு சொல்லிருவாரோன்னு. அதான் தள்ளிக்கிட்டே இருந்தேன்."

ஆடியைச் சாக்கு வைத்து அலமாரியைத் தள்ளிப்போட்டவனிடம் சொல்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு துண்டை மடித்தேன். நான்காக.

ஆவூர்க்காரர் திரும்பி வந்தபோது நோட்டிலிருந்த வரைபடத்தைக் கிழித்திருந்தேன். அவரே புதிதாக, ஒரு அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தில் படம் போட்டார். சேலை தொங்கும் கம்பி நாலடிக்குக் கீழே. மீதி எல்லாம் இழுப்பறை, இடுப்பு உயரத்துக்கு. கைப்பிடிகள் இடது கைக்கும் வசமாக.

"மேல் தட்டு ஆறடியில வருது சார். என்ன வைக்கிறது, புத்தகமா?"

"காலியா இருக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு கோடு போட்ட வெற்றுச் சுவரைப் பார்த்தார். "அப்ப அந்த ஒரு அடிய மறைக்க வேணாம். ஒம்பதடியில முடிச்சுத் தாரேன். டாக்டரு செவத்துல வெரல் ஏறச் சொல்லுவாரு. எங்க அக்காவுக்கும் சொன்னாரு."

டாக்டர் அதையேதான் சொன்னார். தோள் இறுகிப்போயிருக்கிறது, இவளைப் போல் சர்க்கரை இருக்கிறவர்களுக்கு வருவதுதான், மாதக் கணக்கில் ஆகும், ஆனால் நின்றுவிடாது. 'நின்றுவிடாது' என்ற சொல்லை அவள் பஸ் ஸ்டாண்டு வரும்வரை மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

புரட்டாசி முடியும்போது அலமாரி வந்துவிட்டது. அதன் ஓரத்தில் ஓரடிச் சுவர். தினமும் சாயந்திரம் அவள் அதன் முன்னால் நின்று ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சுவரில் நடக்கவிடுவாள். எறும்பு ஏறுகிற வேகம். விரல் நின்ற இடத்தில் ஞாயிறுதோறும் நான் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவேன். நோட்டு கூடாது என்பது அவள் விதித்த நிபந்தனை. சுவர் நோட்டில்லை என்பது நான் கண்ட ஓட்டை.

காலையில் அவளுக்கு ஜடை போடுவதும் என் வேலையாயிற்று. மூன்று கால் பின்னல் இத்தனை சிக்கலானது என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. முதல் நாள் சாயந்திரம் வந்து சொன்னாள்: "மூணாவது பெஞ்சு பிள்ள கேக்குது, டீச்சர் பஸ்ஸுல கூட்டமான்னு."

கார்த்திகையில் மூன்று வாரம் கோடு நகரவே இல்லை. ஐந்தடிக்குச் சற்று மேலே, அங்கேயே. ஒரு சாயந்திரம் கையை இறக்கிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "விடுங்க. இனிமே அம்புட்டுத்தான்." என்ன செய்வதென்று தெரியாமல் நான் எழுந்து போய் என் விரல்களைச் சுவரில் நடக்கவிட்டேன். என் கை சுகமாகப் போய்க்கொண்டே இருந்தது; மேல் தட்டையும் தாண்டியது.

"ஒங்க கை நல்லாத்தான இருக்கு, எறக்குங்க" என்றாள். ஆனால் எழுந்து வந்தாள். அவள் விரலுக்குப் பக்கத்தில் என் விரலை வைத்து, அவள் ஏறினால் நானும் ஏறி, அவள் நின்றால் நானும் நின்று, அப்படியே மார்கழி வரை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விரல்கள் முந்தைய கோட்டைத் தாண்டின, சுவரோரமாக மேல் தட்டின் விளிம்பு வந்தது, அதையும் தொட்டன. அவள் நிற்கவில்லை. அலமாரிக் கதவைத் திறந்து, வலது கையை முழுதாக நீட்டி, காலியாக இருந்த அந்தத் தட்டுக்குள் விரல்களை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை ஓட்டினாள். நான் பென்சிலைப் பிடித்தபடி நின்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

அவள் கையை இறக்கி, விரல் நுனியை வெளிச்சத்தில் காட்டி என்னிடம் நீட்டினாள்.

"இம்புட்டுத் தூசி. இத்தன மாசமா இது ஒங்களுக்கு எட்டுற ஒசரந்தான?"